வலசை

பறவைகள் பருவத்துக்கேற்ப இடம் மாறுவதை இன்று வலசை என்கிறோம். ஆனால் இது முதலில் மனிதருக்கான சொல். பகைப்படைக்கு அஞ்சி, குடும்பத்தோடு ஊரை விட்டு வேற்றிடம் போவதைக் குறித்தது. தெலுங்கில் ‘வலச’ என்பார்கள். இராமநாதபுரம் பக்கம் வலசை என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பல.

ஊரைவிட்டுப் போன குடிகள் திரும்பாமலும் போகலாம். வலசைப் பறவை திரும்பிவிடும். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கரும்பட்டைகள் கொண்ட பட்டைத்தலை வாத்து, மங்கோலியா, திபெத் பகுதிகளில் குஞ்சு பொரித்து, இமயத்தைக் கடந்து நம் கூந்தன்குளம் வரை வருகிறது. கோடைக்கு முன் வடக்கே திரும்புகிறது. எவ்வளவு பெரிய பயணம்!

கொக்குகள் காலையில் இரைக்குக் கிளம்பி அந்தியில் மரத்துக்குத் திரும்புவது அடைதல், வலசை அன்று. பறவை பார்ப்பவர்கள் தங்கள் குறிப்பேட்டில் இவ்விரண்டையும் பிரித்தே எழுத வேண்டும்.