ஏலாக்குறிச்சியும் ஒரு லட்டுப் பெட்டியும்

போன ஞாயிறு ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போய் வந்தோம். வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளிடத்தின் வடகரையில், திருமானூர்ப் பக்கம் இருக்கும் இந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார்தான் அவர். 36 படலங்களும் 3615 பாட்டுகளும் கொண்ட தேம்பாவணியை நாலாம் வகுப்பிலேயே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். யாருக்காவது நினைவிருக்கிறதா?

அவரைப் பற்றி 1822இல் முத்துசாமிப் பிள்ளை ஒரு சரித்திரம் எழுதினார். சந்தா சாகிப்பிடம் திவான் வேலை, பல்லக்கு, பரிவாரம் என்று அதில் ஏகப்பட்ட தடபுடல். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் அதில் பெரும்பகுதியை ஏற்கவில்லை. நானும் வகுப்பில் அந்தப் பல்லக்குக் கதையைத்தான் ரசித்துச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்குமே! ஆனால் அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற உரைநடை நூலைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

வேதியர் என்று அவர் சொன்னது உபதேசியார்களை. அன்றைய மதுரை மிஷனில் குருக்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒரு கிராமத்துக்குச் சாமியார் வந்துபோனால் மறுபடி எப்போது வருவாரோ தெரியாது. இடையில் செபம் சொல்லிக்கொடுப்பது, சாகக்கிடக்கிறவருக்குப் பக்கத்தில் இருப்பது, அவசரத்தில் ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் உபதேசியார் தலையில். மேலே பார்க்க ஆள் இல்லை. ஊரில் மரியாதை மட்டும் உண்டு. சோதனைக்கு இதைவிட நல்ல இடம் வேறென்ன வேண்டும்? அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நடத்தை பற்றி ஒரு புத்தகமே எழுதினார். தேம்பாவணி எழுதிய கை, கிராமத்து உபதேசியாருக்காகவும் உட்கார்ந்து எழுதியதை நினைத்தால் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது.

எங்கள் ஆசிரியர் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் தலைமையாசிரியர் பொறுப்பில் இருந்தேன். ஒரு தகப்பனார் மகனின் பிறந்த தேதியைச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வருஷம் குறைத்துப் போடச் சொன்னார். நான் பிடிகொடுக்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்கே ஒரு லட்டுப் பெட்டி வந்தது, அடியில் கவர். அந்த மாதம் என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், கையில் காசில்லை. உடனே திருப்பிக் கொடுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கொடுக்கவில்லை. கவரைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதிவேடு, பேனா எல்லாம் என் கையில்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் யோசித்தேன்.

ராத்திரி வழக்கம்போலக் குடும்பச் செபம். ஐம்பது வருஷமாகச் சொல்கிற பரலோக மந்திரம். சோதனையைப் பற்றி வரும் இடத்தில் எனக்கு நாக்கு எழவில்லை. வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, மீதியை அவளே சொல்லி முடித்தாள். அதை என் மனவுறுதி என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கு உறுதி இருந்திருந்தால் பீரோவைப் பூட்டியிருக்க மாட்டேன். எங்கள் பெரியவர்கள் வரப்பிரசாதம் என்பார்களே, அன்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் புரிந்தது.

விடிந்ததும் சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டேன். கட்டணத்துக்கு வளையலை அடகு வைத்தோம். அந்த மனிதர் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. பெட்டியில் இரண்டு லட்டு குறைந்திருந்தது, சின்னவன் தின்றுவிட்டான். அதையும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.