வட சென்னைத் தொழிலாளர்களும் ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைச் சிகிச்சையும்

வட சென்னையில் ராயபுரத்தை ஒட்டிய பழைய வண்ணாரப்பேட்டையில் அமைந்துள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனை, கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. 1971-ஆம் ஆண்டு பேராசிரியர் ஆர். வெங்கடசாமி இங்கு ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இத்துறையிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, நுனி துண்டான விரலைச் சீர்செய்யும் புதிய முறையை உலக மருத்துவ நூல்களில் இடம்பெறச் செய்தது.

பின்னணி

இம்மருத்துவமனையின் வேர்கள் மணியக்காரர் சத்திரத்தில் உள்ளன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய இடம் அது. முதியவர்கள் இன்றும் இதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றே அழைக்கின்றனர். பின்னர் சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1938-இல் இங்கிருந்த மருத்துவப் பள்ளி கல்லூரியாக உயர்ந்தது.

மருத்துவமனைக்கு வடக்கே எண்ணூர் வரையிலான கடலோரப் பகுதி, நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித் தொழிற்பகுதியாக வளர்ந்தது. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம் பிறகு டயர் உற்பத்தியில் இறங்கியது. 1948-இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்து, பின்னாளில் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955-இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றிச் சிறு பட்டறைகளும் பெருகின. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குவோரும் காசிமேட்டில் மீன்பிடித் தொழில் செய்வோரும் இதே பகுதியினர். இவர்கள் அனைவருக்கும் கையே முதன்மையான கருவி. அழுத்து இயந்திரம், பல்சக்கரம், இரும்புக் கயிறு, மர அறுவை வாள் என எதில் விபத்து நேர்ந்தாலும் முதலில் சிக்குவதும் கைதான்.

பழைய முறைகளின் குறை

விரல் நுனி நசுங்கியோ துண்டாகியோ வந்தால், எலும்பைச் சிறிது வெட்டிக் குறைத்துத் தோலை இழுத்துத் தைப்பதே எளிய வழியாக இருந்தது. காயம் விரைவில் ஆறும். ஆனால் விரல் குட்டையாகும். தொடையிலிருந்தோ கையிலிருந்தோ தோல் எடுத்து ஒட்டினால் நீளம் காக்கப்படும்; ஆனால் தொடு உணர்வு முழுமையாகத் திரும்பாது. பக்கத்து விரலின் சதையை மடலாக எடுத்துக் காயத்தோடு சேர்த்துத் தைப்பது மற்றொரு முறை. இதில் இரண்டு விரல்களும் ஏறத்தாழ இரண்டு மூன்று வாரம் பிணைந்தே இருக்க வேண்டும். நாட்கூலி பெறும் ஒருவருக்கு அது இரண்டு மூன்று வாரக் கூலி இழப்பு.

தொடு உணர்வு ஏன் இன்றியமையாதது என்பதைத் தமிழ்நாட்டில் முன்னரே உணர்த்தியவர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல்கள் தேய்ந்துபோவதற்குப் பெரிதும் காரணம், நோய் சதையைத் தின்பதன்று. உணர்வு அற்றுப்போவதால் சூடும் காயமும் தெரியாமல் போவதே என்று அவர் காட்டினார். தொழிற்கூடத்தில் அடிபட்ட விரலுக்கும் இது பொருந்தும். உணர்வற்ற விரல் திருகாணியைத் தடவி அறியாது. மீண்டும் எளிதில் அடிபடும்.

சாய்முக்கோண மடல்

இக்குறைகளைத் தீர்க்கும் முறையை வெங்கடசாமியும் என். சுப்பிரமணியனும் ஸ்டான்லியில் உருவாக்கினர். இது சாய்முக்கோண மடல் எனப்படுகிறது. அவர்களின் கட்டுரை 1980-இல் அமெரிக்காவின் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை இதழில் வெளிவந்தது.

விரலின் உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் ஒரு முக்கோணம் வெட்டப்படுகிறது. அதன் ஒரு கோடு விரலின் ஓரமாக நேராகவும், மற்றொரு கோடு விரலின் குறுக்கே சாய்வாகவும் செல்லும். முக்கோணத்தின் அடிப்பகுதி காயத்தின் விளிம்பில் இருக்கும். முனை உள்ளங்கையை நோக்கியிருக்கும். அந்தப் பக்கத்து நரம்பும் இரத்தக் குழாயும் அறுபடாமல் முக்கோணத்தோடு சேர்த்துப் பிரிக்கப்படுகின்றன. பிறகு முழு மடலும் முன்னோக்கி நகர்த்தப்பட்டு, இழந்த நுனியை மூடுமாறு தைக்கப்படுகிறது. பின்னால் ஏற்படும் இடைவெளியும் தைக்கப்படுகிறது. நரம்பு தொடர்ந்து இணைந்திருப்பதால் புதிய நுனியில் உணர்வு நிலைக்கிறது. பக்கத்து விரலைத் தொட வேண்டியதும் இல்லை.

1947-இல் குட்லரும் 1970-இல் அடசாயும் முக்கோண மடல்களை விளக்கியிருந்தனர். அவற்றை அதிக தூரம் நகர்த்த இயலாது. விரலின் பக்கவாட்டில் நீளமாக எடுக்கப்படும் சாய்முக்கோண மடல் கூடுதல் தூரம் நகரும். சாய்வாக வெட்டுப்பட்ட நுனிகளுக்கும் இது ஏற்றது.

மயக்கமின்றி மரக்கச் செய்தல்

இத்தகைய சிகிச்சைக்கு நோயாளியை முழுவதுமாக மயக்க வேண்டியதில்லை. விபத்தில் வருபவர் சற்று முன் உணவருந்தியிருக்கக்கூடும். முழு மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் சென்றால் உயிருக்கே ஆபத்து. எனவே விரலின் அடியிலோ தோள்பட்டையருகே கைக்குச் செல்லும் நரம்புக் கற்றையிலோ மருந்து செலுத்தி, விரலையோ கையையோ மட்டும் மரக்கச் செய்கின்றனர். ஜெர்மனியின் குலென்காம்ப் 1911-இல் காறையெலும்புக்கு மேலிருந்து ஊசியிடும் முறையை விளக்கினார். 1943-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட லிடோகெயின் பாதுகாப்பைக் கூட்டியது. நரம்புக் கற்றை மரத்தால் கையின் இரத்தக் குழாய்களும் விரிகின்றன. நுண் குழாய்களைத் தைக்கும்போது இது கூடுதல் நன்மை.

விளைவை அளப்பது

சிகிச்சை வெற்றியா என்பதைக் காயம் ஆறியதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. சுவீடன் மருத்துவர் மோபெர்க் 1958-இல் பரவலாக்கிய இருபுள்ளிச் சோதனையில், இரண்டு முனைகள் விரலில் ஒரே நேரத்தில் தொடப்படுகின்றன. அவை எவ்வளவு நெருங்கினாலும் இரண்டென்று உணர முடிகிறது என்பது அளக்கப்படுகிறது. நலமான விரல் நுனி சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளியையும் பிரித்தறியும். இதனுடன் மூட்டு மடங்கும் அளவு, பிடியின் வலிமை, வேலைக்குத் திரும்ப எடுத்த நாட்கள் ஆகியவையும் கணக்கிடப்படுகின்றன.

சட்டம் வேறு விதமாக அளந்தது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, பெருவிரல் இழப்புக்கு 30 விழுக்காடும், முழு ஆள்காட்டி விரலுக்கு 14 விழுக்காடும், எலும்பு இழக்காமல் அதன் நுனி மட்டும் துண்டானால் 5 விழுக்காடும் சம்பாதிக்கும் திறன் குறைந்ததாகக் கொண்டது. இக்கணக்கு இழந்த நீளத்தைச் சார்ந்தது. எஞ்சிய நுனியில் உணர்வு உண்டா என்று அந்த அட்டவணை கேட்கவில்லை. ஒரே 5 விழுக்காட்டைப் பெறும் இருவரில் ஒருவர் பழைய வேலைக்கே திரும்பலாம். மற்றவர் திரும்ப முடியாமல் போகலாம். அந்த வேறுபாட்டைக் குறைப்பதே சாய்முக்கோண மடலின் பயன்.

பின்னைய வளர்ச்சி

1965-இல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் முழுவதும் துண்டான பெருவிரல் நுண்நோக்கியின் உதவியால் மீண்டும் பொருத்தப்பட்டது. நுண் அறுவைச் சிகிச்சை ஸ்டான்லியிலும் வளர்ந்தது. 2018 பிப்ரவரியில், மின்சாரம் தாக்கி இரு கைகளையும் இழந்த ஒரு கட்டடத் தொழிலாளிக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகள் இங்கு பொருத்தப்பட்டன. 2019-இல் வெங்கடசாமிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

துண்டான விரலைக் காப்பதில் உடனிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துக் காயமுற்றவருடன் உடனே அனுப்ப வேண்டும். விரலைப் பனிக்கட்டியில் நேரடியாகப் படும்படி வைத்தால் திசுக்கள் உறைந்து கெட்டுவிடும்.