குற்றாலம் சீசனில் போலீஸுடன் நிற்பவர்கள் யார்? அவர்களுக்கு என்ன அதிகாரம்?

ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் குவிந்துவிடும். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என எங்கு பார்த்தாலும் காக்கி உடை தெரியும். ஆனால் காக்கி போட்ட எல்லாருமே போலீஸ் இல்லை. போலீஸுடன் கைகோக்கும் பொதுமக்களுக்கு எதுவரை அனுமதி?

ஊர்க்காவல் படை

1963-ம் ஆண்டு தனிச் சட்டப்படி இயங்கும் தன்னார்வப் படை இது. சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே, அழைக்கும்போது பணிக்கு வருவார்கள். பயிற்சியும் சீருடையும் உண்டு. மாதச் சம்பளம் கிடையாது, பணிக்கு வரும் நாளுக்குப் படி மட்டும்தான்.

சிறார் காவல் பிரிவு

அருவிக் கூட்டத்தில் குழந்தை தொலைந்துபோவது பெற்றோரின் பெரிய பயம். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் கீழ் சிறப்புப் பிரிவு இருக்க வேண்டும். அதில் 2 சமூகப் பணியாளர்கள் கட்டாயம், ஒருவர் பெண். 2019 நவம்பரில் தனி மாவட்டமான தென்காசிக்கும் இதே விதிதான்.

போலீஸ் நண்பர்கள் குழு என்ன ஆனது?

‘ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ திட்டத்தை 1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கினார். அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்கப் பரவியது. ரோந்து, போக்குவரத்து, தகவல் தருவது என உதவினார்கள்.

2020 ஜூனில் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியின் சாத்தான்குளத்தில் போலீஸ் பிடித்துச்சென்ற வியாபாரி ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் உயிரிழந்தனர். அந்தச் சம்பவத்தில் இக்குழுவினருக்கும் தொடர்பு இருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஜூலையில் தமிழக அரசு இந்தக் குழுவுக்குத் தடை விதித்தது. சி.பி.ஐ. குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றவர்கள் 9 போலீஸார்.

யாராவது வண்டியை மறித்தால்?

ஓட்டுநர் உரிமத்தைக் காட்டச் சொல்லும் அதிகாரம் சீருடையில் உள்ள போலீஸுக்கு உண்டு. ‘நான் போலீஸுக்கு வேண்டியவன்’ என்று சொல்லிக்கொண்டு சாதாரண உடையில் வருபவருக்குக் கிடையாது.

தன் கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால், பொதுமக்களில் யாரும் குற்றவாளியைப் பிடிக்கலாம். ஆனால் 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு. அடிக்கவோ, ஸ்டேஷனில் விசாரிக்கவோ தன்னார்வலருக்கு உரிமை இல்லை. அப்படி யாராவது நடந்துகொண்டால் 112-க்கு அழைக்கலாம், மாவட்ட எஸ்.பி. அலுவலகத்தில் புகார் தரலாம்.