அறுபடும் இணைப்பு: கிழக்கு இமயமலையில் தரை ரோபோக்களும் சுடும் அதிகாரமும்

ஆய்வுச் சுருக்கம்

போர்க்கள ரோபோக்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் இயந்திரம் தானாகக் கொல்லத் தொடங்குமா என்ற கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. தரையில் இயங்கும் ரோபோக்களுக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு: இயக்குபவருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும்? தரை ரோபோக்களுக்குள் தன்னாட்சி நுழைவது இந்த இணைப்புச் சிக்கலின் வழியாகத்தான் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆகவே நடப்பதற்கான தன்னாட்சியையும் சுடுவதற்கான தன்னாட்சியையும் கொள்முதல் விதியிலேயே பிரித்து எழுத வேண்டும். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியத் தரைப்படையின் கிழக்குக் கட்டளையின் நிலப்பரப்பு இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

1. முன்னுரை

2025 ஜனவரி 26 அன்று கொல்கத்தா ரெட் ரோட்டில் நடந்த குடியரசு தின அணிவகுப்பில் ‘மியூல்’ என்ற நான்கு கால் ரோபோக்கள் நடந்துசென்றன. பதினொரு நாள் முன்னர் புனேயில் நடந்த ராணுவ தின அணிவகுப்பிலும் அவை இடம்பெற்றிருந்தன. அவசரக் கொள்முதல் முறையில் தரைப்படை இத்தகைய நூறு ரோபோக்களை வாங்கியுள்ளது. வெளியான அளவுகளின்படி ஒவ்வொன்றின் எடை ஏறத்தாழ 50 கிலோ. சுமக்கக்கூடியது 12 முதல் 15 கிலோ. படிக்கட்டும் செங்குத்துச் சரிவும் ஏறும். உறைபனியிலும் பாலை வெயிலிலும் இயங்கும்.

அணிவகுப்புச் சாலை சமதளம். இயக்குபவர் சில அடி தூரத்தில் நடந்துவருகிறார். ரெட் ரோட்டுக்கு அருகில், முன்பு வில்லியம் கோட்டை எனப்பட்ட விஜய் துர்க்கில் 1963 முதல் இயங்கும் கிழக்குக் கட்டளையின் பொறுப்போ சிக்கிம், அருணாசலப் பிரதேச மலைமுகடுகள்வரை நீள்கிறது. இந்த இரண்டு நிலங்களுக்கும் இடையிலான வேறுபாட்டிலிருந்தே இந்த ஆய்வு தொடங்குகிறது.

2. இணைப்பின் வரலாறு

தொலைவிலிருந்து ஒரு செயலை நிகழ்த்தும் வானலைச் சோதனைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று கொல்கத்தாவிலேயே நடந்தது. அந்நகரின் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஜகதீஷ் சந்திர போஸ் 1895இல் டவுன் ஹாலில் கம்பியில்லா அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் வெடிக்கவைத்தார். மூன்றாண்டுகள் கழித்து நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா வானலையால் இயங்கும் சிறு படகைப் பொதுமக்களுக்குக் காட்டினார். கட்டளை ஓரிடத்தில், விளைவு வேறோரிடத்தில் என்ற கோட்பாடு அப்போதே நிறுவப்பட்டுவிட்டது. அடுத்த நூற்றாண்டின் சிக்கல் அந்தக் கட்டளையைப் போர்க்களத்தில் அறுபடாமல் கொண்டுசேர்ப்பதாக இருந்தது.

சோவியத் ஒன்றியம் 1930களில் டி-26 டாங்கிகளை வானலையால் இயங்கும்படி மாற்றியமைத்து, 1939–40 பின்லாந்துப் போரில் களமிறக்கியது. ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து இயக்க இன்னொரு டாங்கி தேவைப்பட்டது. ஜெர்மனி 1942இல் கொண்டுவந்த கோலியாத் என்ற வெடிகுண்டு வண்டி கம்பியால் இயங்கியது. 7,500க்கும் மேற்பட்டவை தயாரிக்கப்பட்டும், கம்பி அறுந்தால் அவை பயனற்றுப் போயின. 2018இல் சிரியாவில் சோதிக்கப்பட்ட ரஷ்யாவின் ஊரான்-9 என்ற ஆளில்லாப் போர் வண்டி, சில கிலோமீட்டர் எட்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட நிலையில், கட்டடங்களுக்கிடையே 300 முதல் 500 மீட்டரிலேயே கட்டுப்பாட்டை இழந்தது. உக்ரைன் போரில் வானலைத் தடுப்பு மிகுந்ததால் இரு தரப்பும் ஒளியிழைக் கம்பிக்குத் திரும்பியிருக்கின்றன.

தோல்விகளைவிட வெற்றி கற்பிப்பது அதிகம். 1972இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பீட்டர் மில்லர் வடக்கு அயர்லாந்துக்காக உருவாக்கிய ‘வீல்பாரோ’ மின்வண்டி, கார் குண்டுகளைச் செயலிழக்கச் செய்து பல உயிர்களைக் காத்தது. அது போக வேண்டிய தூரம் குறைவு. தளம் நகரச் சாலை. வேலை ஒன்றே ஒன்று. இயக்குபவர் அருகிலேயே இருந்தார். தரை ரோபோ உறுதியாகப் பயன்பட்ட இடங்களில் இந்த நான்கும் ஏறத்தாழ ஒன்றுகூடியிருப்பதைக் காணலாம்.

3. இந்திய அனுபவம்

இந்தியப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் புனே ஆய்வகம் உருவாக்கிய ‘தக்ஷ்’, வீல்பாரோவின் வரிசையில் அமைந்தது. 2011 டிசம்பரில் முதல் தொகுதி ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ 500 மீட்டர் தொலைவிலிருந்து இயக்கலாம். படி ஏறி, சந்தேகப் பொருளை எக்ஸ்ரே எடுத்து, வேகமான நீர்த்தாரையால் குண்டைச் சிதைக்கும். குண்டு செயலிழப்புப் பிரிவு வீரர் செய்யும் வேலையில் மிக ஆபத்தான சில நிமிடங்களை மட்டும் அது ஏற்றுக்கொள்கிறது.

சென்னை ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் 2017இல் காட்டிய ‘முந்த்ரா’ இன்னும் பெரிய முயற்சி. பிஎம்பி-2 கவச வண்டியை அடிப்படையாகக் கொண்டு கண்காணிப்பு, கண்ணிவெடி கண்டறிதல், கதிரியக்க ஆய்வு ஆகிய மூன்று பணிகளுக்கு மூன்று வடிவங்கள் உருவாயின. சோதனைக் களம் ராஜஸ்தானின் மகாஜன் துப்பாக்கிச் சூட்டுத் திடல். பாலைவனத்தில் பார்வை தடையின்றி எட்டும், வானலையும் எட்டும். அங்கே கிடைக்கும் வெற்றி கிழக்குக் கட்டளையின் நிலத்துக்கு அப்படியே பொருந்தாது. மேற்கு வங்கத்திலேயே துர்காபூரில் 1958 முதல் இயங்கும் மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நகரும் ரோபோக்களை உருவாக்கிய அனுபவம் உண்டு. கிழக்கு நிலத்துக்கேற்ற சோதனைகளுக்கு இந்த அனுபவத்தைப் பயன்படுத்துவது பொருத்தமாக இருக்கும்.

4. மலையும் ஈரமும் வானலையும்

சிக்கிமின் நாதுலா கணவாய் 4,300 மீட்டருக்கும், அருணாசலத்தின் சேலா கணவாய் 4,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளன. சாலை முடியும் இடத்திலிருந்து காவல்நிலைவரை அரிசி, மண்ணெண்ணெய், குண்டு எல்லாம் சுமையாட்களின் முதுகிலும் கோவேறு கழுதைகளின் முதுகிலுமே ஏறிவந்தன. அந்த விலங்கு சுமப்பதில் சிறு பங்கையே இந்த ரோபோ சுமக்கும். பெரிய சுமைக்காக அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை சோதித்த எல்எஸ்3 என்ற ரோபோ ஏறத்தாழ 180 கிலோ சுமந்தது. அதன் பெட்ரோல் இயந்திரத்தின் இரைச்சல் படையின் இருப்பைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் 2015இல் அது கைவிடப்பட்டது. இரைச்சலற்ற பேட்டரியின் திறனைக் குளிர் குறைக்கிறது. எனவே மியூலின் பொருத்தமான வேலை, மொத்தச் சரக்கைத் தூக்குவதைவிட, எதிரியின் பார்வைக்குள் இருக்கும் கடைசிச் சில நூறு மீட்டரில் தோட்டாவையோ மருந்தையோ கொண்டுசேர்ப்பதும் முன்னே சென்று பார்ப்பதும்தான்.

அந்தக் கடைசித் தொலைவில்தான் இணைப்பு பலவீனமாகிறது. காணொளியை நேரலையாக அனுப்ப உயர் அதிர்வெண் வேண்டும். உயர் அதிர்வெண் அலைகள் மலைமுகட்டைச் சுற்றி வளையா. மழைநீர் சொட்டும் அடர்காடு அவற்றை உறிஞ்சிவிடும். குறைந்த அதிர்வெண் வளைந்து போகும். அதில் படம் அனுப்ப இடமிருக்காது. ட்ரோனை மேலே நிறுத்தி இணைப்பை நீட்டலாம், மூடுபனியும் காற்றும் எதிரியும் விட்டுவைக்கும்வரை. ஒளியிழை பாறையிலும் மூங்கில் புதரிலும் சிக்கும். ஆகவே பொறியாளர் வேறு வழியின்றி வருமிடம் ஒன்றே: இணைப்பு அறுந்தாலும் தானே பாதை கண்டு நடக்கும் ரோபோ.

5. நடையிலிருந்து சூட்டுக்கு

தானே நடப்பதில் ஒழுக்கச் சிக்கல் பெரிதாக இல்லை. பாறையையும் பள்ளத்தையும் பிரித்தறியும் கேமராவும் கணினியும் மனிதனையும் பிரித்தறியக் கூடியவை என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மேலே ஒரு துப்பாக்கியைப் பொருத்திவிட்டால், இரண்டு திறன்களையும் பிரித்துவைப்பது மென்பொருளில் உள்ள ஒரு தடை மட்டுமே. 2024 மே மாதம் கம்போடியாவுடன் நடந்த கூட்டுப் பயிற்சியில் துப்பாக்கி பொருத்திய நாய் வடிவ ரோபோவைச் சீனா காட்டியது. கருவிகள் தம் முதல் நோக்கத்தோடு நிற்பதுமில்லை. 2016 ஜூலையில் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், குண்டு அகற்றும் ரோபோவில் வெடிமருந்தை வைத்து அனுப்பி, காவலர்களைச் சுட்டுக்கொன்ற ஆயுததாரியைக் காவல்துறை கொன்றது. முடிவெடுத்தவர்கள் மனிதர்களே, ஆனால் உயிர்காக்க வாங்கிய கருவி ஒரே இரவில் கொல்லும் கருவியானது.

6. சட்டநிலை

இந்தியா இந்த விவாதத்துக்கு வெளியே நிற்கும் நாடல்ல. ஜெனீவாவில் தன்னாட்சிக் கொலை ஆயுதங்கள் குறித்த அரசு நிபுணர் குழுவுக்கு 2017, 2018 ஆண்டுகளில் தலைமை தாங்கியவர் இந்தியத் தூதர் அமன்தீப் சிங் கில். பொறுப்பை இயந்திரத்துக்கு மாற்ற முடியாது என்பது 2019இல் ஏற்கப்பட்ட 11 வழிகாட்டும் நெறிகளில் ஒன்று. ஆயினும் 2023 டிசம்பரில் ஐநா பொதுச்சபை இது குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியபோது, எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் இந்தியாவும் இருந்தது. கட்டுப்படுத்தும் உடன்படிக்கைக்குக் காலம் கனியவில்லை என்பது தில்லியின் நிலை. புதிய ஆயுதங்களைச் சட்ட ஆய்வுக்கு உட்படுத்தக் கோரும் 36ஆம் பிரிவைக் கொண்ட 1977ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையிலும் இந்தியா சேரவில்லை.

ஆனால் இந்தியா ஏற்ற ஒரு முன்மாதிரி இருக்கிறது. தரையில் தானே ‘முடிவெடுக்கும்’ மிகப் பழைய ஆயுதம் கண்ணிவெடி. அதைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேராத இந்தியா, அதைக் கட்டுப்படுத்தும் திருத்திய இரண்டாம் நெறிமுறையை 1999இல் ஏற்றது. புதைத்த இடத்தை வரைபடத்தில் பதிவு செய்வது, குடிமக்களைக் காக்க முன்னேற்பாடு எடுப்பது, தொலைவிலிருந்து வீசப்படும் வெடி குறித்த காலத்தில் தானே செயலிழக்கும்படி அமைப்பது ஆகியவை அதன் கடமைகள். ஆயுதத்தை வைத்துக்கொண்டே அதன் தன்னிச்சைக்கு எல்லை வகுக்கும் இந்த அணுகுமுறை தில்லிக்குப் புதிதல்ல.

7. எதிர்வாதம்

இணைப்பு அறுந்ததும் ஆயுதம் மௌனமாகிவிடுமானால், வானலைத் தடுப்புக் கருவி ஒன்றே எதிரிக்குப் போதுமே என்று படைத்தரப்பு கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு விடைகள் உண்டு. சுடும் ரோபோ தேவைப்படும் நிலையான காவலரண்களில் கம்பி இணைப்பு சாத்தியம். அங்கே வானலையை நம்ப வேண்டியதில்லை. நகரும் ரோபோவைப் பொறுத்தவரை, கிழக்கு எல்லையின் தன்மையே விடை. 1996 ஒப்பந்தப்படி இந்தியாவும் சீனாவும் மெய்க்கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கியால் சுடுவதில்லை என ஒப்புக்கொண்டுள்ளன. அதே கோட்டின் மேற்குப் பகுதியிலுள்ள கல்வானில் 2020இல் உயிர்கள் பறிபோன கைகலப்பில்கூடத் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. மேய்ச்சல்காரரும் ரோந்து வீரரும் கலந்து நடக்கும் இத்தகைய எல்லையில், ஆணையின்றி ஒரு இயந்திரம் சுடும் ஒரு தோட்டாவின் இழப்பு, அது சுடாமல் போவதன் இழப்பைவிடப் பெரியது.

8. முடிவுரை

தரைப்படை அடுத்த கொள்முதலுக்கு எழுதும் தகுதித் தேவைகளில் மூன்று விதிகளைச் சேர்க்கலாம். முதலாவது, நடை, சமநிலை, திரும்பி வருதல் ஆகியவற்றில் ரோபோவுக்கு முழுத் தன்னாட்சி. அதைச் சிக்கிம், அருணாசல மலைகளில் பருவமழைக் காலத்தில் சோதிக்க வேண்டும். இரண்டாவது, இணைப்பு அறுந்தால் அது நின்றுவிட வேண்டும் அல்லது கடைசியாக இணைப்பு இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவது, சுடும் மின்சுற்று வழிகாட்டும் கணினியிலிருந்து வன்பொருள் அளவில் தனித்திருக்க வேண்டும். மென்பொருள் தடை மட்டும் போதாது. ஒவ்வொரு சுடும் ஆணையும் அதைப் பிறப்பித்தவரின் அடையாளத்தோடு பதிவாக வேண்டும். இம்மூன்றுக்கும் பன்னாட்டு உடன்படிக்கை தேவையில்லை. தில்லியின் இப்போதைய நிலைப்பாட்டோடு இவை முரண்படவும் இல்லை. நூறு ரோபோக்களோடு இருக்கும்போதே இவற்றை எழுதுவது எளிது. ஆயிரக்கணக்கில் வாங்கிய பிறகு மின்சுற்றைப் பிரிப்பது, ஏறத்தாழ ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்வதற்குச் சமம்.