நெற்களஞ்சியமும் குழந்தை உணவும்

தஞ்சையைத் தென்னாட்டின் நெற்களஞ்சியம் எனப் போற்றுகிறோம். களஞ்சியம் நிறைந்தால் குழந்தையின் வயிறும் நிறையும். ஆயின், வயிறு நிறைந்த குழந்தை யாவும் ஊட்டம் பெற்ற குழந்தையாகுமா? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையைக் காண்போம்.

கால்கள் சோர்ந்து, இதயம் தளர்ந்து, உயிரையே மாய்க்கும் 'பெரிபெரி' என்னும் நோய் முன்னாளில் அரிசியுண்ணும் நாடுகளை வாட்டியது. ஜாவாத் தீவில் ஆய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மன், தீட்டிய வெள்ளரிசிச் சோறுண்ட கோழிகள் நடக்கவியலாது வீழ்வதையும், தவிடு நீங்காத அரிசியுண்டதும் நலமுறுவதையும் கண்டார். 1929இல் நோபல் பரிசு அவரைச் சேர்ந்தது. தவிட்டில் உறையும் அச்சத்தே 'தயமின்' என்னும் பி1 வைட்டமின்.

நம் மாநிலத்திலும் 1918இல் குன்னூரில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் ஓர் அறையில் இந்நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வாய்வகமே 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

பச்சரிசியை ஆலையில் தீட்டியுண்ட ஆந்திரக் கடற்கரைப் பகுதியில் பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்நாட்டிலோ அது அரிது. காரணம் யாது? நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, மேலுறையிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்பு தீட்டினும் முற்றும் அழிவதில்லை. என் இளமையில் எங்கள் ஊர் வீடுகளில் அண்டாவில் நெல் அவித்து முற்றத்தில் உலர்த்துவர். வைட்டமின் என்ற சொல்லை அறியாத அக்கைகளே தலைமுறைகளைக் காத்தன!

இதில் குழந்தைக்கு என்ன தொடர்பு என்பீர்கள். தாயின் உணவில் தயமின் குன்றினால் தாய்ப்பாலிலும் குன்றும். பிறந்து சில திங்களே ஆன, பார்வைக்குக் கொழுகொழுவென்றிருந்த சிசுக்களும் இதனால் திடீரென மாண்டதைக் கீழை நாட்டு மருத்துவர்கள் பதிந்துள்ளனர். தாய்க்கு இடும் சோறே சேய்க்கு இடும் முதற்சோறு.

எனினும் புழுங்கலரிசி காத்தது ஒரு நோயினின்றே. இந்தியாவின் பல பகுதி உணவுகளை மக்காரிசன் எலிகளுக்கு அளித்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி கலந்த பஞ்சாப் சீக்கியர் உணவு பெற்றவை செழித்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவு பெற்றவை நலிந்தன. நாமோ தவிட்டையும் கழுநீரையும் மாட்டுக்கு ஈந்து, வடிகஞ்சியையும் நீக்கி, வெண்சோற்றை மட்டும் குழந்தைக்கு ஊட்டினோம். மாடு பெற்ற சத்தை மகவு பெறவில்லை!

1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளி மதிய உணவு மாநிலமெங்கும் பரவத் தொடங்கியது. 1982 சூலைத் திங்களில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் அமர்த்தியது. பின்னர் முட்டையும் சேர்ந்தது. மதிய மணியை எதிர்நோக்கிய முகங்களைப் பல்லாண்டு கண்டவன் நான். அத்திட்டத்தின் அருமையை அறிவேன். ஆயினும் முதல் ஈராண்டுகளின் பொறுப்பு பெரிதும் வீட்டையே சாரும்.

ஆறு திங்கள் வரை தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் தாய்ப்பாலோடு, குழைத்த சோற்றில் பருப்பும் கீரையும் சிறிது நெய்யும், வழக்கமுள்ள இல்லங்களில் முட்டையும் மீனும் சேரட்டும். அங்கன்வாடி தரும் சத்துமாவை வீணாக்க வேண்டா. இன்று கேட்டதை இல்லத்தில் தாய்க்கும் தமக்கைக்கும் எடுத்துரையுங்கள். காவிரி நெல்லைத் தந்தாள். அதனோடு எதைச் சேர்ப்பது என்னும் அறிவை நாமே தேட வேண்டும்.