மெதுவா ஓடுங்க... ஸ்டாமினா தானா வரும்!

புது ஷூ வாங்கியாச்சு. காலை 5 மணிக்கு அலாரமும் வெச்சாச்சு. முதல் நாளே தம் கட்டி பார்க்கைச் சுற்றி ஓட்டம். மூன்றாம் நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. பத்தாம் நாள் முழங்கால் வலி. மூன்றாவது வாரம் ஷூ மறுபடி அட்டைப்பெட்டிக்குள். ‘நமக்கெல்லாம் ஓட்டம் செட் ஆகாதுப்பா’ என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

பெரும்பாலும் தப்பு உடம்பில் இல்லை, வேகத்தில்தான் இருக்கிறது. ‘மூச்சு முட்டினால்தான் பயிற்சி’ என்ற நம் நம்பிக்கைக்கு நேர் எதிராகப் பேசுகிறது விளையாட்டு அறிவியல்.

பத்தில் எட்டு, சுலபம்!

ஸ்டீபன் சைலர், நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க உடற்பயிற்சி விஞ்ஞானி. படகு வலித்தல், நெடுந்தூரப் பனிச்சறுக்கு போன்ற போட்டிகளின் முன்னணி வீரர்கள் தினமும் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பத்துப் பயிற்சிகளில் ஏறக்குறைய எட்டை அவர்கள் சுலபமான வேகத்தில்தான் செய்தார்கள். கடுமையாக உழைத்தது மீதி இரண்டில் மட்டுமே.

நாம் செய்வது என்ன? தினமும் நடுத்தரமாக ஒரு வேகம். ஓய்வாக ஓட வேண்டிய நாளில் தேவைக்கு மேல் ஓடிவிடுகிறோம். வேகமாக ஓட வேண்டிய நாளில் களைப்பு விடுவதில்லை. இரண்டு பலனும் முழுசாகக் கிடைப்பதில்லை.

உள்ளே என்ன நடக்குது?

சுலபமான வேகத்தில் தொடர்ந்து ஓடும்போது, தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் பெருகுகின்றன. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அனுப்பும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அதிகரிக்கிறது. 1967-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் ஹாலோஸி, எலிகளை வாரக்கணக்கில் டிரெட்மில்லில் ஓடவிட்டு இதைக் கண்டறிந்தார்.

ஆனால் இதயமும் தசையும் பழகும் வேகத்துக்கு எலும்பும் தசைநாணும் பழகாது. அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். ‘இன்னும் ஓடலாம்’ என்று மூச்சு சொல்லும்போதே முழங்கால் ‘வேண்டாம்’ என்பது இதனால்தான்.

ஜாகிங் பிறந்த கதை

நியூசிலாந்தின் ஆர்தர் லிட்யார்ட், ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்த பயிற்சியாளர். 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லைக்கூட ஞாயிறுதோறும் மலைப்பாதையில் சுமார் 35 கிலோமீட்டர் ஓடவைத்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல்லுக்குத் தங்கம். அதே நாளில் லிட்யார்டின் இன்னொரு சீடர் முர்ரே ஹால்பெர்க், 5,000 மீட்டரில் தங்கம் வென்றார்.

வீரர்களோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. இதயநோயிலிருந்து மீண்டவர்களையும் மெதுவாக ஓடவைத்தார். 1962-ல் அங்கு போன அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மேன், ஒருநாள் இந்தக் கூட்டத்தோடு ஓடினார். அவருக்கு வயது 51. எழுபதைக் கடந்த, மாரடைப்பு வந்து மீண்ட ஒரு பெரியவருக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறிப்போனார். ஊர் திரும்பியவர், அமெரிக்காவில் ஜாகிங்கைப் பரப்பினார். பின்னாளில் நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் இவர்தான்!

நீங்க எப்படித் தொடங்கலாம்?

* பேசிப் பாருங்க: ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். தனியாக ஓடுகிறீர்களா? சன்னமாக ஒரு பாட்டின் பல்லவியைச் சொல்லிப் பாருங்கள்.

* நடக்க வெட்கப்படாதீங்க: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி 25 நிமிடங்கள், வாரத்தில் மூன்று நாள் போதும். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

* வேகம் அப்புறம்: முதல் இரண்டு மாதங்கள் எல்லா நாளும் சுலபமே. பிறகு வாரத்தில் ஒருநாள் மட்டும் வேகம்.

* ஓய்வும் பயிற்சிதான்: ஓடும்போது உடல் களைக்கிறது, ஓய்விலும் தூக்கத்திலும்தான் வலுவடைகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

* வெயிலை மதிங்க: நம் ஊர் புழுக்கத்தில் அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கும். வாட்ச் காட்டும் வேகத்தை விட்டுவிட்டு மூச்சைக் கவனியுங்கள். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்தே.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ‘சமாளிச்சுடலாம்’ என்ற வீரம் அங்கே வேண்டாம்.

பார்க்கில் யாராவது உங்களை முந்திப்போனால் போகட்டும். ஆறு மாதம் கழித்தும் நீங்கள் ஓடிக்கொண்டிருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அட்டைப்பெட்டியிலிருந்து அந்த ஷூவை வெளியே எடுங்க!