செக்ரோலில் சேராத குடும்பம்

தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றால் ஒரு நாள் வேலை. முழு வேலை முடித்தவருக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். இந்தப் பேர்களை நாள்வாரியாக அடுக்கிய செக்ரோல்தான் இலங்கையின் சப்ரகமுவப் பகுதியில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களின் பழைய வாழ்வை எழுத முனைபவர் கைக்கு முதலில் வரும் சான்று. அதில் கணவனும் இருப்பான், மனைவியும் இருப்பாள். ஆனால் கணவன் மனைவியாக இருக்க மாட்டார்கள். ஆளுக்கொரு வரி, ஆளுக்கொரு கூலி. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டப்படி முதன்முறை விகிதங்கள் வகுக்கப்பட்டபோது தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, சிறுவருக்கு 30 என்று வந்தது. ஐம்பதும் நாற்பதும் சேர்ந்து தொண்ணூறு ஆவது கணக்கப்பிள்ளையின் ஏட்டில் அல்ல, லயத்துக் காம்பராவின், அதாவது வரிசைவீட்டு அறையின், அடுப்படியில். பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமாக 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஏட்டை மட்டும் நம்பி எழுதப்பட்ட வரலாறு தோட்டத்தை ஆட்களின் தொகையாகக் காட்டியதில் வியப்பில்லை. ஆனால் காம்பராவுக்குள் ஆண்டு எண்ணப்பட்டது வேறு கணக்கில்: உறவுக்குப் போய்வந்த பயணம், மாசி மாதத்துக் கூத்து, தொழுவத்து மாடு. இவற்றை ஓய்வுநேரப் பழக்கங்களாக ஒதுக்கிவிடுவது எழுதுவோர் வழக்கம். தனித்தனிக் கூலியாட்களாகப் பதியப்பட்டவர்களைக் குடும்பமாக நிறுத்தி வைத்த உழைப்பே இந்த மூன்றும் என்பது என் வாதம்.

பயணத்திலிருந்து தொடங்கலாம். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி ஆள் கட்டியது தன் ஊரில், தன் உறவில். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் இதனால் தனியாட்களாக அல்லாமல் மாமன் மச்சான் முறையோடே வந்தார்கள். வந்த பிறகு பிரிந்தார்கள். ஒரு கங்காணியின் ஆட்கள் எட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் மலையில், அதே வழியில் வந்த இன்னொரு கூட்டம் பலாங்கொடையில் தேயிலையில் என்று சிதற, முறைப்பெண்ணுக்கும் முறைமாப்பிள்ளைக்கும் நடுவே மலைகள் விழுந்தன. கடன் தீர்ந்ததற்கான துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாது என்ற நிலை 1921இல் அந்த முறை ஒழிக்கப்படும்வரை நீடித்தது. குடிமாற முடியாத காலத்தில் போய்வர மட்டுமே முடியும். களனிப் பள்ளத்தாக்குக் குறும்பாதை ரயில் 1903இல் எட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. றப்பரையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கப் போடப்பட்ட பாதை அது. ஆனால் அதே வண்டியில்தான் சீர்ச்சாமான் மூட்டையோடு தாய்மாமனும் ஏறியிருக்க வேண்டும். சடங்குக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தாய்மாமன் வந்து நின்றால்தான் காரியம் நடக்கும் என்ற சமூகத்தில் உறவுப் பயணத்தைப் பொழுதுபோக்குக் கணக்கில் வைக்க முடியாது. அடுத்த தலைமுறையின் கல்யாணங்கள் பேசி முடிக்கப்பட்ட வழி அதுதான்.

கடல் கடந்த பயணம் வேறு வகை. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் கப்பல் வழியும் இணைந்த பின், மண்டபம் முகாமின் மருத்துவச் சோதனையைத் தாங்கிக்கொண்டால் 'ஊருக்குப்' போய்வருவது ஒரு குடும்பத்துக்கு எட்டக்கூடியதாயிற்று. இந்தப் போக்குவரத்தை வைத்தே, இவர்கள் வந்துபோகும் கூட்டம், இந்த மண்ணில் வேரில்லாதவர்கள் என்ற வாதம் வலுத்தது. குடிவரவைப் பற்றி ஆராய்ந்த ஜாக்சனின் 1938 அறிக்கை, தோட்டத்து இந்தியரில் பெரும்பகுதியினர் இங்கேயே நிலைத்துவிட்டவர்கள் என்று கண்டிருந்தும் வாதம் ஓயவில்லை. பிறகு வந்தது 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம். மணமானவருக்கு ஏழாண்டு, மணமாகாதவருக்குப் பத்தாண்டு தொடர்ச்சியான வசிப்பு; ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறும். மனைவியின் வசிப்பும் கேள்விக்கு உள்ளாகும். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், நோயாளித் தகப்பனுக்காகத் தங்கிவிட்டவள், வழக்குக்கும் நிலத்துக்குமாய்க் காலம் நீண்டவள் என எல்லாருடைய குடும்பக் கடமையும் விசாரணையில் விடுபட்ட மாதங்களாக மாறியது. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயரில் போயின; குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. உறவைக் காப்பாற்றப் போன பயணமே உரிமையைப் பறிக்கும் சான்றானது. ஊருக்குப் போனவர்கள் வேரற்றவர்கள் என்றால், கொழும்பிலிருந்து விடுமுறைக்குச் சொந்தக் கிராமம் போகும் குமாஸ்தாவும் கொழும்பில் வேரற்றவரே என்று அந்தக் காலத்தில் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டாவது கணக்கு கூத்து; அதைத் தப்பு என்னும் பறையிலிருந்து தொடங்க வேண்டும். தோட்டத்துத் தப்புக்கு இரட்டைப் பிழைப்பு. விடியுமுன் ஆட்களை, வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு எழுப்புவது அதன் காலைத் தொழில். சாவு வீடும் திருவிழாவும் கூத்தும் மற்றத் தொழில். றப்பர் தோட்டத்தில் அந்த விடியல் இன்னும் முந்தியது, வெயில் ஏறுமுன்பே பால் நன்றாக வடியும் என்பதால். மழை மிகுந்த இரத்தினபுரியில் தப்பின் தோல் ஈரத்தில் தொய்ந்துவிடும். சருகையோ காகிதத்தையோ கொளுத்தி, வளையத்தைச் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, நாதம் இறுகிய பிறகே தடித்த குச்சியும் மெல்லிய சிம்பும் அதன்மேல் இறங்கும். இங்கே ஒரு மறுப்பு எழும்: பெரட்டுக்கு ஆள் கூட்டிய கருவி தோட்ட நிர்வாகியான துரையின் கருவிதானே, அதைக் குடும்பத்தின் சான்றாக எப்படி எடுப்பது? மறுப்பில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிக்குப் பதில் அடியின் வேறுபாட்டில் இருக்கிறது. பெரட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. கேட்டவர் காதுக்கு இன்றைய தப்பு யாருக்கானது என்பது உடனே விளங்கும். துரைக்குச் சொந்தமானது அவற்றில் ஒன்று மட்டும். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தப்பு அடித்தவர்கள் சாதியால் அந்தத் தொழிலுக்குள் தள்ளப்பட்டவர்கள். அதை மறைத்து 'மலையகக் கலை' என்று மாலை போடுவது பொய். அடித்தவரின் கைத்திறனைப் போற்றிய லயமே அவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அதனால்தான் சில குடும்பங்களில் அடுத்த தலைமுறை குச்சியைக் கையில் எடுக்க மறுத்தது, அதுவும் ஒரு நியாயமான முடிவு.

ஆண்டு முழுதும் அடித்த தப்பு ஒரு கணவன் மனைவிக்காக மட்டுமே இரவிரவாக அடிக்கப்பட்ட காலம் ஒன்று உண்டு. மாசி அமாவாசைக்குப் பின் காமன் ஊன்றி, ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் செய்து வைத்து, பௌர்ணமியையொட்டிச் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதனை எரித்து, ரதி ஒப்பாரி வைக்க, மறுபடி அவனை எழுப்பும் காமன் கூத்து அது. ரதியாகவும் ஆணே வருவான். வேடம் கட்டுவது நேர்த்திக்கடன், விரதம் காத்தே ஆட வேண்டும். தஞ்சைப் பக்கத்தில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சி பிரிந்து லாவணி பாடுவார்கள்; தோட்டத்தில் எரிந்ததில் யாருக்கும் ஐயமில்லை, ரதியின் அழுகையே கூத்தின் உச்சம். இந்தக் கூத்து சப்ரகமுவத் தோட்டங்களில் ஏன் இவ்வளவு ஊன்றியது என்பதற்குப் பக்தியோடு மண்ணும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. றப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்ப்பது ஏறக்குறைய அந்த மாதங்களில்தான். பால் குறையும், வெட்டும் தளரும். மழையும் ஒப்பீட்டளவில் ஒதுங்கி நிற்கும், திறந்த களத்தில் இரவுக்கூத்து ஆட வசதியான பருவம். பக்கத்துத் தோட்டத்து உறவுகள் வந்து தங்குவதற்கும் அதுவே வாய்ப்பு. வந்தவர்கள் கூத்துப் பார்த்தார்கள், அப்படியே பெண்ணும் பார்த்தார்கள். வேலைக் கணக்கில் கணவன் மனைவியை ஒரே வரியில் எழுதாத தோட்டம், ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தம்பதியின் கதையைத் தன் நடுக்களத்தில் நடத்தியது.

இசையையே பிழைப்பாகவும் அரசியலாகவும் எடுத்துக்கொண்ட தம்பதி தோட்ட வரலாற்றில் உண்டு. மேடையும் அச்சும் கண்டவர்கள் என்பதால் அவர்கள் பெயர் நிலைத்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர் 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். துணைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். தொழிலாளர் நிலையைச் சொல்லும் பாட்டுகளை 1940இல் நூலாக அச்சிட்டு வெளியிட்டார். கணவர் பேச, மனைவி பாட, கூட்டம் நடந்தது. எழுத்தறியாதவர் நிரம்பிய கூட்டத்தில் மறுநாள் வேலைத்தலத்தில் நினைவில் நின்றது எதுவாக இருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. ஹட்டனின் கதையை இங்கே ஏன் இழுக்கிறீர்கள் என்று கேட்கலாம். சப்ரகமுவத் தப்புக்காரரின் பெயரையோ அவர் மனைவியின் பெயரையோ எந்த அச்சகமும் பதியவில்லை என்பதுதான் காரணம். பதிந்த ஒரு தம்பதியைக் கொண்டு பதியாதவர்களின் இடத்தை அளக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது கணக்கு மாடு. இதில்தான் சப்ரகமுவ மேட்டு மலையகத்திலிருந்து பிரிகிறது. நுவரெலியாவில் மழையிலும் கொழுந்து எடுக்கலாம், கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. றப்பரில் அது நடக்காது: பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, சிரட்டையில் தண்ணீர் விழுந்தால் பால் கெடும். ஆக, இரத்தினபுரி மழையில் பேர் இல்லாத நாட்கள் அதிகம். மாடு மழை பார்ப்பதில்லை. கிராமத்துத் தேத்தண்ணிக் கடைக்கு ஊற்றிய பால் பேர் இல்லாத நாளின் காசு. சாணம் காம்பராவுக்கு முன்னாலிருந்த கீரைப்பாத்திக்கு. கன்று மகளின் கல்யாணத்துக்கு. பெரிய தோட்டங்கள் அடுத்தடுத்துக் கிடந்த மேட்டுப்பகுதி போலன்றி, இங்கே தோட்டம் முடியும் இடத்தில் சிங்களக் கிராமத்தின் வயலும் வேலியும் தொடங்கும். பால் விற்ற உறவும், வேலி தாண்டிய மாட்டுக்காக வந்த சண்டையும் இதே மாட்டின் பேரில்தான். லயத்து நாய்க்குக் காவல் வேலை, கோழிக்கு முனியாண்டிப் பூசை வேலை; வெறும் செல்லத்துக்காக வளர்த்த பிராணி என்ற பேச்சே பத்தடிக் காம்பராவில் பொருந்தாது. ஆனாலும் மாட்டுப்பொங்கலன்று கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் மாலை கட்டி, முதல் பொங்கலை வாயில் ஊட்டிய கையைப் பார்த்தவர் அதை வருமானக் கணக்கு என்று மட்டும் சொல்லத் துணியமாட்டார்.

இங்கே எழும் மறுப்புதான் என் வாதத்துக்கு உண்மையான சோதனை. குடும்பம், குடும்பம் என்று நான் சொல்லும் இந்த உழைப்பு யாருடைய முதுகில் ஏறியது? காலையில் வெட்டு, பிறகு பால் சுமை, மாலையில் புல்லுக்கட்டு, இரவில் அடுப்பு. மாட்டுக்குப் புல் அறுத்தவள் பெரும்பாலும் மனைவி, உதவிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை. அவளுடைய 40 சதத்தையும் சம்பள நாளில் கணவனே கைநீட்டி வாங்கிய வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது. தப்பை அவள் தொடவில்லை, ரதி வேடமும் அவளுக்கில்லை. ஒப்புக்கொள்கிறேன்: நான் காட்டும் மூன்று கணக்கும் சமமான இருவரின் கணக்கல்ல. ஆனால் செக்ரோல் அவளைத் தனி வரியில் எழுதியதால் அவளுக்குத் தனி விடுதலை கிடைத்ததா? ஒருவரை வேலையிலிருந்து விலக்கும்போது துணையின் வேலை ஒப்பந்தமும் சேர்ந்தே முடிவதற்குத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இடம் வைத்திருந்தது. கூலி கொடுக்கையில் இருவர், வெளியேற்றுகையில் ஒருவர். மாடோ அவள் அறுத்த புல்லில் வளர்ந்து, அவள் கறந்த பாலைத் தந்தது. அந்தப் பால் காசு செக்ரோலுக்கு வெளியே, அவள் முந்தானை முடிச்சுக்குப் போக வழியிருந்த ஒரே காசு.

பிறகு நடந்தவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. 1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் குடியுரிமை இல்லாதவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. 1974 ஒப்பந்தம் எஞ்சிய ஒன்றரை இலட்சத்தைச் சரிபாதியாக்கியது. தலைமன்னார் நோக்கிப் போன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஆண்டுக்கொருமுறை களத்தில் ரதிக்காகக் கேட்ட ஓசை பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டது. அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்க வரை போன குறும்பாதை ரயில் 1976இல் நின்றது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, றக்குவானைப் பக்கத்து லயங்கள் தாக்கப்பட்டபோது பல குடும்பங்கள் வவுனியா நோக்கிக் கிளம்பின. கையில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். மாட்டைக் கையில் எடுக்க முடியாது. இந்தியாவுக்குப் போனவர்களுக்கோ 'குடும்ப அட்டை' என்றே ஒரு தாள் கொடுக்கப்பட்டது. மறுவாழ்வு உதவி பெற அதுதான் சான்று. செக்ரோல் வரிவரியாகப் பிரித்து வைத்திருந்த கணவனும் மனைவியும் பிள்ளைகளும் அந்த அட்டையில் ஒரே குடும்பமாக எழுதப்பட்டார்கள், கப்பலேறுவதற்காக.